கீமோ நடக்கும் வீட்டில் இன்று எத்தனையாவது நாள்?

கேள்வி: என் அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்து, இப்போது 21 நாளுக்கு ஒருமுறை கீமோ. 'சிவப்பு மருந்து' ஏற்றுகிறார்கள். முதல் ஊசி போட்டு 5 நாள் ஆகிறது. முதல் இரண்டு நாள் கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்தவர், இப்போது படுக்கையை விட்டு எழவில்லை; சோற்றைப் பார்த்தாலே குமட்டுகிறது என்கிறார். சொந்தக்காரர்கள் வந்தபடியே இருக்கிறார்கள். சித்தி பப்பாளி இலைச் சாறு கொடுக்கச் சொல்கிறார். என் மாமியார் அம்மாவுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைத்துவிட்டார். என் 3 வயது மகனைப் பாட்டி பக்கம் விடுவதே இல்லை. அம்மா மனசொடிந்து கிடக்கிறார். யாரை எப்படிச் சமாளிப்பது?
- வாசகி, திருச்சி

பதில்: ஒரு மாதக் காலண்டரைச் சமையலறைச் சுவரில் மாட்டுங்கள். ஊசி போட்ட தேதியில் 1 என்று எழுதி, 21 வரை எண் போடுங்கள். உங்கள் கடிதத்தில் பாதிக்கு அந்த எண்ணே பதில் சொல்லிவிடும். அதே சித்தி 5-ஆம் நாள் வந்தால் அசதி, 10-ஆம் நாள் இருமலோடு வந்தால் ஆபத்து, 18-ஆம் நாள் வந்தால் விருந்தாளி.

முதல் இரண்டு நாள் தெம்புக்குக் காரணம், வாந்தியைத் தடுக்கக் கொடுக்கும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டாக இருக்கும். தூக்கத்தைக் கெடுத்து ஆளைச் சுறுசுறுப்பாகக் காட்டும். அது நின்றதும் ஆளைச் சாய்த்துவிடும். ஆகவே "நேத்து நல்லாத்தானே இருந்தீங்க?" என்று வீட்டில் யாரும் கேட்க வேண்டாம். அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தால் அந்த நாட்களில் அளவு ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் நாம் செய்கிற பெரிய தப்பு, "உனக்குப் பிடிச்சதாச்சே" என்று முதல் சில நாளிலேயே மீன் குழம்பு வைத்துக் கொடுப்பது. குமட்டலும் அந்த ருசியும் மனதில் ஒட்டிக்கொண்டால், கீமோ முடிந்த பிறகும் அந்தக் குழம்பு இறங்காது. பிடித்த பதார்த்தங்களைக் கடைசி வாரத்துக்கு வைத்திருங்கள். இப்போது வாசனையே எதிரி. தாளிக்கும்போது அம்மா இருக்கும் அறைக் கதவைச் சாத்துங்கள். ஆவி பறக்கப் பரிமாறாமல், ஆறவிட்டுக் கொடுங்கள்: இட்லி, தயிர் சாதம், ரசம் சாதம், கஞ்சி. மூன்று வேளைத் தட்டுக்குப் பதில், இரண்டு மணிக்கொரு முறை ஒரு இட்லியோ அரைக் கிண்ணம் கஞ்சியோ போதும். தண்ணீரைச் சாப்பாட்டோடு கொடுக்காமல் இடையில் கொடுங்கள். வாயில் இரும்பு ருசி அடிக்கிறது என்றால் எவர்சில்வரை விட்டுக் கண்ணாடி டம்ளர், பிளாஸ்டிக் ஸ்பூனுக்கு மாறுங்கள். "என்ன வேணும்?" என்று கேட்டால் "ஒண்ணும் வேணாம்" என்றுதான் பதில் வரும், "இட்லியா, கஞ்சியா?" என்று கேளுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். வாந்தி மாத்திரையான ஆன்டான்செட்ரான் மலச்சிக்கலை உண்டாக்கும். 4, 5-ஆம் நாளில் "சாப்பாடே பிடிக்கல" என்பதற்குப் பல நேரம் அதுதான் காரணம். அம்மா வெட்கப்பட்டுச் சொல்ல மாட்டார், நீங்களே கேளுங்கள். டாக்டரைக் கேட்டு மருந்து கொடுக்கலாம்; எனிமா மட்டும் வீட்டில் கூடாது. வாய்ப்புண் வராமலிருக்க, ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் டீஸ்பூன் ஆப்பசோடா, அதில் பாதி அளவு உப்பு போட்டு, நாளைக்கு நாலைந்து தடவை கொப்பளிக்கச் சொல்லுங்கள். விழுங்க வேண்டாம்.

இனி மாமியார் விஷயம். புற்றுநோய் ஒட்டாது. தட்டு, டம்ளரைச் சோப்புப் போட்டுக் கழுவினால் யாரும் சாப்பிடலாம். ஆனால் அவர் பயத்தை ஒரேயடியாகத் தள்ளவும் வேண்டாம். ஊசி போட்ட முதல் 48 மணி நேரம் சிறுநீர், மலம், வாந்தியில் மருந்து கலந்து வரும். சிறுநீர் சிவப்பாகக்கூடப் போகும், அது ரத்தம் அல்ல, மருந்தின் நிறம். அந்த இரண்டு நாள் கழிவறையில் மூடியைப் போட்டு இரண்டு முறை ஃபிளஷ் செய்ய வேண்டும். வாந்தியைத் துடைப்பவரும் அழுக்கான துணியை எடுப்பவரும் கையுறை போட வேண்டும். அந்தத் துணிகளைத் தனியாகத் துவைக்க வேண்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் இதைத் தொட வேண்டாம். இதைச் சொல்லி, "அத்தை, இன்னைக்கு அஞ்சாம் நாள், அது முடிஞ்சிடுச்சு" என்று காலண்டரைக் காட்டுங்கள். தட்டு தானாக அலமாரிக்குத் திரும்பிவிடும்.

பேரன் மடியில் உட்காரலாம், கட்டிப்பிடிக்கலாம், கூடப் படுக்கலாம். அவனுக்குச் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு இருந்தால் மட்டும் விலக்கி வையுங்கள். அவன் பள்ளியில் யாருக்காவது அம்மை போட்டிருந்தால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். போலியோ சொட்டு மருந்து முகாம் அறிவித்தால், கொடுக்கும் முன் டாக்டரைக் கேளுங்கள். அதில் இருப்பது உயிருள்ள, பலவீனப்படுத்திய கிருமி; சில வாரங்கள் குழந்தையின் மலத்தில் வெளியேறும். கொடுத்துவிட்டால், அவனுக்குக் கழுவிவிடும் வேலை பாட்டிக்கு வேண்டாம்.

7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரைதான் வீடே விழிப்பாக இருக்க வேண்டிய காலம். ரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள், ஆஸ்பத்திரியில் 'கவுண்ட்' என்பார்களே, அது அடிமட்டத்துக்கு இறங்கும். கூட்டம், கல்யாண வீடு, ஹாஃப் பாயில், வெட்டி வைத்த பழம், கரும்புச் சாறு, வெளிச் சட்னி எதுவும் வேண்டாம். கோயில் பிரசாதம் வந்தால் விபூதியை நெற்றியில் இட்டுவிட்டு, தீர்த்தத்தையும் பஞ்சாமிர்தத்தையும் நீங்கள் சாப்பிட்டுவிடுங்கள்.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று தலைமாட்டிலேயே இருக்கட்டும். சூடாகக் காபி குடித்திருந்தால் கால் மணி நேரம் கழித்துப் பாருங்கள். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ, இரவு இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். பாரசிட்டமால் போட்டுப் படுக்கவைத்து "காலையில பார்த்துக்கலாம்" என்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. ஜுரம் இறங்கியதுபோல் தெரியும். உள்ளே தொற்று பரவி, விடிவதற்குள் பிரஷர் விழுந்துவிடலாம். அவசரப் பிரிவில் நுழைந்ததும் உங்கள் முதல் வாக்கியம்: "கீமோ போட்டு இத்தனை நாள், ஜுரம் வந்திருக்கு."

சித்தியிடம் பப்பாளி இலையின் மகிமையைப் பற்றி வாதம் செய்யாதீர்கள், ஜெயிக்க மாட்டீர்கள். பச்சைச் சாறும் கசாயமும் ஈரலைச் சிரமப்படுத்தலாம், மருந்தோடு மோதலாம். ஆனால் அவரிடம் அதைச் சொல்ல வேண்டியதில்லை. "சீட்டுல இல்லாதது எதுவும் கூடாதுன்னு டாக்டர் கண்டிப்பா சொல்லிட்டாரு சித்தி" என்று பழியை டாக்டர் மேல் போடுங்கள். அவர்கள் அதற்குப் பழகியவர்கள்தான்.

வருகிறவர்களுக்கு அம்மா போனை எடுத்துப் பதில் சொல்ல வேண்டாம். தம்பியோ கணவரோ ஒருவர் பொறுப்பேற்று, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இப்படிப் போடட்டும்: "அம்மா நல்லா இருக்காங்க. 15-ஆம் நாளுக்கு மேல வாங்க, தேதி நாங்களே சொல்றோம். சளி இருந்தா போன்ல பேசுங்க. அரை மணி நேரம் போதும்." வெறுங்கையோடு வர மனமில்லாதவர்களுக்கு வேலை கொடுங்கள். ஒருவர் வாரம் ஒருமுறை இட்லி மாவு. ஒருவர் மாலையில் பேரனைப் பூங்காவுக்குக் கூட்டிப்போவது. சித்திக்கு, அடுத்த ஊசியன்று ஆஸ்பத்திரியில் கூட உட்காருவது. ஊரில் யாருக்கோ இதே நோய் வந்து போய்ச்சேர்ந்த கதையை எடுப்பவர் எல்லா வீட்டிலும் ஒருவர் உண்டு. அவருக்குக் காபி கொடுத்துக் கூடத்திலேயே உட்காரவையுங்கள்.

14-ஆம் நாளுக்கு மேல் முடி கொட்டத் தொடங்கும். அதற்கு முன்பே, அம்மா சம்மதித்தால், பின்னலைத் தோள்வரை வெட்டிவிடலாம். கொத்தாகக் கையோடு வருவதைப் பார்க்கும் வேதனை குறையும். தலைத் தோல் அப்போது வலிக்கும், மெல்லிய பருத்தித் துண்டு கட்டிக்கொள்ளட்டும். பேரனிடம் இன்றே சொல்லிவையுங்கள்: "பாட்டிக்கு ஊசி போட்டதால முடி கொட்டும், அப்புறம் திரும்ப வளரும்." வெட்டும்போது அவனும் பக்கத்தில் இருக்கட்டும்.