சீலிட்ட உறைக்குள் இருக்கும் சாட்சியம்: வாசகர் கேள்விகளுக்கு விளக்கம்

தேசப் பாதுகாப்பைக் காரணம் காட்டி அரசு சில ஆவணங்களை நீதிபதியிடம் மட்டும் கொடுக்க, எதிர்த்தரப்பு அவற்றைப் பார்க்காமலேயே வழக்கில் தோற்கும் நிலை குறித்துப் பலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அவற்றுள் ஆறு கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். இந்திய நிலையோடு பிரிட்டனின் அனுபவத்தையும் சேர்த்துப் பேச வேண்டியிருக்கிறது. இந்த முறையைச் சட்டமாகவே எழுதிவைத்த நாடு அது. நம் உச்ச நீதிமன்றமும் 2023-இல் இந்தச் சிக்கலை ஆராய்ந்தபோது அந்நாட்டுத் தீர்ப்புகளை விரிவாக எடுத்துப் பார்த்தது.

கேள்வி: "இது நாட்டின் பாதுகாப்பு தொடர்பானது, தர முடியாது" என்று ஓர் அதிகாரி எழுதிக் கொடுத்துவிட்டால், நீதிமன்றம் அதோடு நின்றுவிட வேண்டியதுதானா?

ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. 1939 ஜூன் மாதம் லிவர்பூல் விரிகுடாவில் சோதனை ஓட்டத்தின்போது 'தீட்டிஸ்' என்ற நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கி 99 பேர் இறந்தார்கள். இறந்தவர்களின் குடும்பத்தினர் இழப்பீடு கேட்டு, கப்பலைக் கட்டிய நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தபோது, கப்பலின் வடிவமைப்பு தொடர்பான ஆவணங்களைத் தரக் கூடாது என்று கடற்படை நிர்வாகம் தடுத்தது. முறைப்படி எழுதப்பட்ட அமைச்சரின் மறுப்பே இறுதியானது, நீதிமன்றம் அதைக் கடந்து செல்ல முடியாது என்று, அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் செயல்பட்ட பிரபுக்கள் சபை 1942-இல் தீர்ப்பளித்தது. போர் நடந்துகொண்டிருந்த காலம் என்பதை மனத்தில் கொண்டே அதைப் படிக்க வேண்டும். ஆயினும் கால் நூற்றாண்டுக்கு மேல் அத்தீர்ப்பு பிரிட்டனில் கோலோச்சியது. 1968-இல்தான், மறுப்பை ஏற்பதா இல்லையா என்று முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை, தேவையானால் நீதிபதியே ஆவணத்தை வாங்கிப் பார்க்கலாம் என்று அதே சபை திருத்திக்கொண்டது.

இந்தியாவில் 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 123-ஆம் பிரிவு, அரசு விவகாரங்கள் தொடர்பான வெளியிடப்படாத ஆவணங்களைத் துறைத் தலைவரின் அனுமதியின்றிச் சாட்சியமாகக் கொண்டுவர முடியாது என்றது. புதிய சாட்சியச் சட்டத்தில் அது 129-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. 1961-இல் இந்தப் பிரிவின்கீழ் நீதிமன்றத்துக்கு மிகக் குறுகிய அதிகாரமே உண்டு என்ற உச்ச நீதிமன்றம், 1975-இல் ராஜ் நாராயண் வழக்கில் நிலையை மாற்றிக்கொண்டு, ஐயம் எழும்போது நீதிபதி ஆவணத்தைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றது. ஆகவே அதிகாரியின் சொல் இறுதியானது அல்ல; சட்டப்படி இன்று இதில் ஐயத்துக்கு இடமில்லை.

கேள்வி: நீதிபதி உறையைத் திறந்து படித்துவிட்டுத்தானே முடிவெடுக்கிறார்? அவரை நம்ப மாட்டீர்களா? பிறகு எங்கே வருகிறது அநீதி?

நீதிபதியின் நேர்மையை நான் ஐயப்படவில்லை. ஆனால் ஆவணத்தைப் படிப்பது ஒன்று, அதைச் சோதிப்பது வேறொன்று. ஓர் அறிக்கையில் "இன்ன தேதியில் இன்னாரைச் சந்தித்தார்" என்று இருந்தால், அந்தத் தேதியில் தான் மருத்துவமனையில் படுத்திருந்ததை அந்த மனிதர் மட்டுமே சொல்ல முடியும். மறுப்பதற்கு ஆள் இல்லாத இடத்தில், மிகச் சிறந்த நீதிபதிக்கும் பொய் மெய்யாகவே தெரியும். பிரிட்டன் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி கெர் பிரபு 2011-இல் இதைத்தான் எச்சரித்தார்: எதிர்க்கேள்விக்கு உட்படாத சாட்சியம் நீதிமன்றத்தைத் தவறான முடிவுக்கே இட்டுச் செல்லக்கூடும்.

இதற்கு நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ரஃபேல் விமானக் கொள்முதல் வழக்கில் 2018 டிசம்பரில் வந்த தீர்ப்பு, விலை விவரங்கள் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரிடம் கொடுக்கப்பட்டதாகவும், அவருடைய அறிக்கையை நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு ஆராய்ந்துவிட்டதாகவும் குறிப்பிட்டது. அப்படி ஓர் அறிக்கை அப்போது வெளிவரவே இல்லை. அரசு சீலிட்ட உறையில் கொடுத்த குறிப்பிலிருந்து எடுக்கப்பட்ட செய்தி அது; தாம் எழுதிய வாக்கியம் தவறாகப் பொருள்கொள்ளப்பட்டுவிட்டது என்று தீர்ப்பு வந்த உடனேயே அரசே திருத்தக் கோரி மனு போட்டது. அந்தக் குறிப்பு மனுதாரர்கள் கைக்கும் சென்றிருந்தால், விசாரணையின்போதே யாராவது எழுந்து "அப்படி ஓர் அறிக்கை எங்கே?" என்று கேட்டிருப்பார்கள்.

அமெரிக்காவின் எடுத்துக்காட்டு இன்னும் வேதனையானது. 1948 அக்டோபரில் ஜார்ஜியா மாநிலத்தில் பி-29 ரக இராணுவ விமானம் ஒன்று விழுந்து, அதில் சென்ற 13 பேரில் 9 பேர் இறந்தார்கள். அவர்களுள் மூவர் சிவிலியன்கள். அவர்களின் மனைவியர் இழப்பீடு கேட்டார்கள். விபத்து அறிக்கையைக் கொடுத்தால் இரகசியக் கருவிகள் வெளியே தெரிந்துவிடும் என்றது விமானப்படை. 1953-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அறிக்கையை வாங்கிப் பார்க்காமலேயே அரசின் மறுப்பை ஏற்றது. அந்தத் தீர்ப்புதான் இன்றுவரை அங்கு 'அரசு இரகசிய' உரிமைக்கு அடித்தளம். அரை நூற்றாண்டு கழித்து, இறந்தவர்களில் ஒருவரின் மகள் அதே அறிக்கையை இணையத்தில் கண்டெடுத்தார். அதில் இரகசியக் கருவிகளைப் பற்றிய விவரம் எதுவும் இல்லை. வெப்பத் தடுப்புத் தகடுகள் பொருத்தப்படாமல் விமானம் பறக்கவிடப்பட்டது உள்ளிட்ட பராமரிப்புக் குறைகள்தாம் இருந்தன. வழக்கைத் திரும்ப எடுக்கக் கோரிய மனுவையும் நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. உறைக்குள் இருப்பது நாட்டின் இரகசியமா, ஒரு துறையின் தவறா என்பது உறையைப் பார்த்துத் தெரிவதில்லை. மேற்பார்வை வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

கேள்வி: ஆவணத்தை மறைக்கும் உரிமையும் சீலிட்ட உறை முறையும் ஒன்றுதானே?

இல்லை, இந்த வேறுபாட்டைப் பல வழக்குரைஞர்களே கவனிப்பதில்லை. பொதுநலன் கருதி ஓர் ஆவணத்தை வெளியிடாமல் இருக்கும் உரிமையை நீதிமன்றம் ஏற்றால், அந்த ஆவணம் வழக்கிலிருந்தே வெளியேறிவிடும். அரசும் அதைக் காட்டி வெல்ல முடியாது. சீலிட்ட உறையிலும், பிரிட்டனின் மூடிய விசாரணையிலும் நடப்பது இதற்கு நேர்மாறு: ஆவணம் எதிர்த்தரப்புக்கு மறைக்கப்படுகிறது, ஆனால் தீர்ப்புக்குப் பயன்படுகிறது.

அமெரிக்காவின் குவாண்டனாமோ சிறையில் அடைக்கப்பட்டிருந்த பிஷர் அல்-ராவி முதலானோர் பிரிட்டனின் உளவுத் துறைகள்மீது தொடுத்த இழப்பீட்டு வழக்கில் இந்த வேறுபாடு வெளிப்படையாக வந்து நின்றது. சட்டத்தின் அனுமதி இல்லாமல் ஓர் உரிமையியல் நீதிமன்றம் மூடிய விசாரணையைத் தானாக உருவாக்கிக்கொள்ள முடியாது என்று 2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கூறியது. அதற்கு முன்பே, 2010 நவம்பரில், அரசு பணம் கொடுத்து அந்த வழக்குகளைச் சமரசமாக முடித்துக்கொண்டிருந்தது. "எங்கள் தரப்பு ஆவணங்களைக் காட்ட முடியாததால், எதிர்வாதம் செய்யவே வழியின்றிப் பணம் கொடுக்க நேர்கிறது" என்பது அரசின் குறை. உளவு சொன்னவரின் உயிர் போகக்கூடிய ஆவணங்கள் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளும் எவரும் அந்தக் குறையை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அதன் விளைவாக, உரிமையியல் வழக்குகளிலும் மூடிய விசாரணையை அனுமதித்து வந்ததே 2013-ஆம் ஆண்டின் நீதி மற்றும் பாதுகாப்புச் சட்டம்.

கேள்வி: பிரிட்டனில் 'சிறப்பு வழக்குரைஞர்' என்று ஒருவர் இருக்கிறாராமே? அவர் யாருக்காக வாதாடுகிறார்?

மூடிய அறையில் இல்லாத தரப்பின் நலனுக்காக வாதாடுகிறார். ஆனால் அத்தரப்பு அவருடைய கட்சிக்காரர் அல்ல, அவர் அத்தரப்புக்குப் பொறுப்பாளியும் அல்ல. இந்த விந்தையான ஏற்பாடு, நாடுகடத்தலை எதிர்த்து கரம்ஜித் சிங் சஹல் நடத்திய வழக்கில் 1996-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலிருந்து பிறந்தது. அடுத்த ஆண்டே குடியேற்ற மேல்முறையீடுகளுக்கென ஒரு சிறப்பு ஆணையமும் சிறப்பு வழக்குரைஞர் முறையும் சட்டமாயின. 2013-இல் அது பொதுவான உரிமையியல் வழக்குகளுக்கும் விரிந்தது.

இதன் பெரிய குறை பேச்சுத் தடை. இரகசிய ஆவணத்தைப் பார்த்துவிட்ட பிறகு, நீதிமன்ற அனுமதி இல்லாமல் சிறப்பு வழக்குரைஞர் அந்தத் தரப்போடு வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது. அனுமதி கேட்டாலும், கேட்கவிருக்கும் கேள்வி அரசுத் தரப்புக்குத் தெரிந்துவிடும். மருத்துவமனையில் இருந்த அந்த மனிதரிடம் "அன்று எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்கவே முடியாத ஒருவர், அவருக்காக எப்படி வாதாடுவார்? இதை ஓரளவு ஈடுசெய்ய, ஒருவருடைய சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தும் ஆணைகளில், பதில் சொல்லத் தேவையான அளவுக்காவது குற்றச்சாட்டின் சாரத்தைக் கொடுத்தே தீர வேண்டும் என்று 2009-இல் பிரபுக்கள் சபை விதித்தது. ஆனால் 2011-இல் பணி தொடர்பான ஒரு வழக்கில், எல்லா வழக்குகளுக்கும் இது கட்டாயமல்ல என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த இரண்டாவது முடிவை நான் ஏற்கவில்லை. வேலையை இழப்பவருக்கும், தன்மீது என்ன சொல்லப்படுகிறது என்று அறியும் உரிமை உண்டு.

கேள்வி: அந்த 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தை யாராவது கண்காணிக்கிறார்களா?

ஏட்டளவில் கண்காணிப்பு நன்றாகவே இருக்கிறது. வெளியிட வேண்டிய நிலையில் பாதுகாப்பு சார்ந்த ஆவணம் இருக்க வேண்டும், மூடிய விசாரணை நியாயமான நீதி நிர்வாகத்துக்கு உகந்ததாக இருக்க வேண்டும் என்ற இரு நிபந்தனைகளும் நிறைவேறினால்தான் நீதிமன்றம் அனுமதிக்கலாம். வெளியிடா உரிமை கோருவதே போதுமா என்று அமைச்சர் முதலில் பரிசீலித்திருக்க வேண்டும். கொடுத்த அனுமதியை நீதிமன்றம் பின்னர் மீளாய்வு செய்து திரும்பப் பெறலாம். எத்தனை விண்ணப்பங்கள், எத்தனை அனுமதிகள் என்று ஆண்டுதோறும் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை போக வேண்டும்.

ஐந்தாண்டு முடிந்ததும் ஒரு முழு ஆய்வு நடக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. அந்தக் கெடு 2018 ஜூனில் வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி டங்கன் ஊஸ்லி 2021-இல்தான் நியமிக்கப்பட்டார். அறிக்கை 2022 நவம்பரில் வெளியானது. சட்டமே கட்டளையிட்ட மேற்பார்வைக்கே இத்தனை தாமதம் என்பது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிறது. மூடிய தீர்ப்புகளை ஒரே இடத்தில் பாதுகாத்து வைக்கும் நூலகத்துக்கான நடைமுறை உத்தரவும் 2019-இல்தான் வந்தது. அதற்கு முன்பு, இரகசியமாகச் சொல்லப்பட்ட சட்டக் கருத்து எங்கே இருக்கிறது என்று அடுத்த வழக்கில் வாதாடுபவர் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2013-இல் ஈரானின் மெல்லத் வங்கி வழக்கில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் முதன்முறையாகக் கதவை மூடிக்கொண்டு அமர்ந்தது. அரசு வற்புறுத்தியதால் மிகுந்த தயக்கத்தோடு உட்கார்ந்த நீதிபதிகள், அந்த அமர்வுக்கு அவசியமே இருந்திருக்கவில்லை என்று தீர்ப்பில் வெளிப்படையாகவே எழுதினார்கள்.

கேள்வி: மீடியா ஒன் தீர்ப்போடு இந்தியாவில் சீலிட்ட உறை முடிவுக்கு வந்துவிட்டதா? இனி அப்படி ஓர் உறை வந்தால் பாதிக்கப்பட்டவர் என்ன செய்யலாம்?

முடிவுக்கு வரவில்லை. கேரளத்தின் மீடியா ஒன் தொலைக்காட்சிக்கு உள்துறை பாதுகாப்பு ஒப்புதல் மறுத்ததால் 2022 ஜனவரியில் உரிமம் புதுப்பிக்கப்படவில்லை. உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதியும் பின்னர் இரு நீதிபதிகள் அமர்வும் உறையில் வந்த கோப்பைப் பார்த்து அதை ஏற்றார்கள். 2023 ஏப்ரல் 5 அன்று உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பை இரத்து செய்தது. கோப்பில் பெரிதாகச் சொல்லப்பட்டிருந்தவை, தடைசெய்யப்படாத ஓர் அமைப்போடு தொடர்பு, அரசை விமர்சித்த செய்திகள் ஆகியவையே. தேசப் பாதுகாப்பு என்ற சொல்லை ஆதாரமில்லாமல் எடுத்து வீச முடியாது, உறை முறை, இரு தரப்பையும் கேட்டே முடிவெடுக்க வேண்டும் என்ற இயற்கை நீதிக்கு எதிரானது, தேவையான இடத்தில் வெளியிடா உரிமையைக் கோரலாம், அக்கோரிக்கையைப் பரிசீலிக்க, எத்தரப்பையும் சாராமல் நீதிமன்றத்துக்கு உதவும் வழக்குரைஞரான நீதிமன்ற நண்பர் ஒருவரை நியமிக்கலாம் என்று தீர்ப்பு வகுத்தது.

ஆயினும் 2025 ஜூலையில், செலெபி என்ற விமான நிலையத் தரைச்சேவை நிறுவனம் தன் பாதுகாப்பு ஒப்புதல் இரத்தானதை எதிர்த்த மனுவை, உறையில் வந்த தகவலைப் பார்த்தபின் டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பாதுகாப்பு காரணமாக இயற்கை நீதியை விலக்கலாம் என்ற 2014, 2019-ஆம் ஆண்டுகளின் உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இன்னும் எடுத்தாளப்படுகின்றன.

ஆகவே உறை வரும் நாளிலேயே எதிர்ப்பைப் பதிவு செய்ய வேண்டும். தீர்ப்பு வந்த பிறகு மேல்முறையீட்டில் மட்டும் சொன்னால் வலு குறையும். ஏன் வெளியிட முடியாது என்று பொறுப்பான அதிகாரி பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்யக் கோருங்கள். முழு ஆவணம் இல்லாவிட்டாலும், பெயர்களை மறைத்த பிரதியையோ சாரத்தையோ கேளுங்கள். நீதிமன்ற நண்பரை நியமிக்கக் கோருங்கள். இவற்றுள் எதை மறுத்தாலும் காரணம் எழுதிய ஆணையாக மறுக்கும்படி கேளுங்கள்; உறைக்குள் இருப்பதை உங்கள் வழக்குரைஞரால் எதிர்க்க முடியாது, அந்த ஆணையை எதிர்க்க முடியும்.