மதுரைப் பக்கத்துக் குடும்ப வரலாற்றைத் தேட நூலகம் எப்படி உதவும்?

நூலகப் பதிவு என்பது மாவட்ட விவரச்சுவடி (மாவட்டத்தின் ஊர், வரலாறு முதலியவற்றைத் தொகுத்த நூல், கெசட்டியர்), மக்கள்தொகைக் கணக்கின் ஊர்ப்பட்டியல், பழைய செய்தித்தாள் போன்றவை. ஆங்கிலேய அதிகாரிகளான நெல்சன் 1868இல் எழுதிய மதுரை நாட்டுக் கையேடும், பிரான்சிஸ் 1906இல் எழுதிய மதுரை விவரச்சுவடியும் அவற்றில் முக்கியமானவை. 1910இல் இராமநாதபுரம் பிரியும் முன் மதுரை மாவட்டம் மிகப் பரந்தது. உங்கள் ஊர் அன்று எந்த ஜமீனில், எந்தத் தாலுகாவில் இருந்தது என்பதே முதல் துப்பு.

நம்மிடம் தலைமுறை தோறும் தொடரும் குடும்பப் பெயர் பெரும்பாலும் கிடையாது; தந்தை பெயர் முன்னெழுத்தாகி, அடுத்த தலைமுறையில் மாறிவிடும். ஆகவே பெயரைவிட ஊரைப் பிடித்துத் தேடுவதே பலன் தரும். கடைமடையில் நின்று வாய்க்காலைப் பின்தொடர்ந்து தலைமதகுக்கு ஏறுவதைப் போல, தெரிந்தவரிடமிருந்து தெரியாதவரை நோக்கிச் செல்லுங்கள்.

வீட்டு மூலப்பத்திரத்தை (சொத்தின் பழைய உரிமைப் பத்திரத்தை) முதலில் எடுங்கள். அதன் செக்குபந்தியில், அதாவது நான்கெல்லை விவரத்தில், "இன்னார் நஞ்சைக்குத் தெற்கு" என அண்டை நிலத்தார் பெயர்கள் இருக்கும். பல வேளைகளில் அவர்கள் பங்காளிகளே! பெரியவர்கள் இருக்கும்போதே அப்பெயர்களைக் காட்டிக் கேட்டுவிடுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

நூலகத்தில் பிறப்புச் சான்றும் பட்டாவும் கிடைக்கும் எனப் பலர் நம்புகிறார்கள்; ஆனால் அவற்றை வழங்குபவை மாநகராட்சி, தாலுகா அலுவலகம் போன்ற அரசு அலுவலகங்களே.