கேள்வி – பதில்

கேள்வி: தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் பாடல்களைக் கைபேசியில் கேட்டு ரசிகனானேன். மேடையில் கேட்பது வேறு அனுபவம் என்கிறார்களே, உண்மையா? – வாசகர், வியாசர்பாடி

பதில்: உண்மைதான். 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் 19 பேருடன் முதன்முதலாக மேடையேறிய இக்குழுவில் கிடாரும் டிரம்ஸும் ராப்பும் கலந்திருந்தாலும், அதன் உயிர் உங்கள் பகுதியில் சாவு வீட்டுப் பந்தலின் கீழ் விடிய விடிய ஒலிக்கும் கானாவில்தான் இருக்கிறது. கானாப் பாடகர் கூட்டத்தின் கைத்தட்டலைப் பார்த்து ஒரு வரியை இழுப்பார், திரும்பப் பாடுவார். பதிவில் அதற்கு இடமேது? தீயில் காய்ச்சி விறைப்பேற்றிய தோற்பறையின் அதிர்வும் நெஞ்சில் வந்து மோதுமேயன்றி, கைபேசிக்குள் அடங்காது. முன்வரிசை மட்டும் வேண்டாம். ஒலிபெருக்கிப் பெட்டிகள் காதைக் கிழித்துவிடும்.