கணவர் திவால் ஆனால் பிள்ளைகளின் கிராண்ட் பணம் போய்விடுமா?

டர்பன் பக்கத்தில் ஃபீனிக்ஸிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கணவரின் வேன் தொழில் படுத்துவிட்டது, கடன் கழுத்தை நெரிக்கிறது. வீட்டைக் கணக்கில் காட்டி உயர் நீதிமன்றத்தில் திவால் மனு போடப் போகிறார்கள். ‘எட்டு வயதிலும் பதினொரு வயதிலும் இரண்டு பிள்ளைகள். அவர்களுக்கு சாசா (தென்னாப்பிரிக்க அரசின் சமூக உதவி நிறுவனம்) மாதாமாதம் கொடுக்கும் உதவித்தொகையான கிராண்ட் என் பேரில் வருகிறது. அதையும் கடன்காரர்கள் எடுத்துக்கொள்வார்களா, ஐயா?’

எடுக்க முடியாது, தங்கச்சி. 2004ஆம் ஆண்டின் சமூக உதவிச் சட்டத்தில் 20ஆம் பிரிவு இதற்காகவே இருக்கிறது. அமைச்சரின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் கிராண்டை யாருக்கும் மாற்றிக்கொடுக்கவோ அடகு வைக்கவோ முடியாது. முழுத்தொகையும் உங்கள் கைக்கு வந்த பிறகுதான் வேறு யாரும் அதில் உரிமை பேசலாம். இறுதிச்சடங்குக்கான ஃபியூனரல் பாலிசி என்று சொல்லி பிள்ளைகளின் கிராண்டில் சாசாவே பிடித்துக்கொடுப்பதற்கும் இப்போது இடமில்லை.

ஆனால் பணம் கைக்கு வரும் வழியில் ஓட்டை இருக்கிறது. நீங்கள் அனுப்பிய வங்கிக் கணக்குத் தாளைப் பார்த்தேன். நாலாம் தேதி இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து 1,120 ரேண்ட் உள்ளே வருகிறது. அதே நாளில் துணிக்கடைக் கணக்குக்கு 340, ஃபியூனரல் பாலிசிக்கு 185 வெளியே போகிறது. ஐந்தாம் தேதி காலையில் மிச்சம் 595. இதை எந்த நீதிமன்றமும் பறிக்கவில்லை. எப்போதோ நீங்கள் கையெழுத்துப் போட்ட டெபிட் ஆர்டர்கள், அதாவது கணக்கிலிருந்து தானாகப் பணம் பிடிக்கக் கொடுத்த அனுமதிகள், பறிக்கின்றன. கிராண்ட் உங்கள் சாதாரண வங்கிக் கணக்கில், வேறு பணத்தோடு கலந்து விழுவதால்தான் இப்படி ஆகிறது.

திவால் உத்தரவு வந்துவிட்டால் இது இன்னும் மோசமாகும். தகவல் போனதும் வங்கி கணக்கை முடக்கிவிடும். அதில் கிடப்பது பிள்ளைகளின் பணம் என்று டிரஸ்டீயிடம் (திவாலானவரின் சொத்தை ஏற்று நிர்வகிப்பவர்) நிரூபித்து விடுவிக்கலாம்தான். அதுவரை பால், ரொட்டி, பஸ் காசுக்கு என்ன செய்வீர்கள்? அதனால் மனு போடுவதற்கு முன்பே சாசா அலுவலகத்துக்குப் போய், கிராண்டைப் போஸ்ட்பேங்க் என்ற அரசு வங்கியின் கார்டுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அந்தக் கணக்கில் டெபிட் ஆர்டர் ஓடாது. கிராண்டைத் தவிர வேறு ஒரு ரேண்ட்கூட அதில் போட வேண்டாம். இது சொத்தை ஒளிப்பது ஆகாது. நீதிமன்றத்தில் கொடுக்கும் வரவு செலவுக் கணக்கிலும் கிராண்டை ஒளிக்காமல் காட்டுங்கள்.

‘மனு போடுவது அவர்தானே, எனக்கு என்ன’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்த இடத்தில்தான் நம் ஆட்கள் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். கல்யாணத்துக்கு முன் தனிச்சொத்து ஒப்பந்தம் எழுதாமல் பதிவுத் திருமணம் செய்திருந்தால் உங்கள் இருவரின் சொத்தும் கடனும் ஒன்று. அவரோடு சேர்ந்து நீங்களும் திவால். ஒப்பந்தம் இருந்தாலும் உங்கள் சொத்து முதலில் டிரஸ்டீ கைக்குப் போகும். உங்களுடையது என்று காட்டித்தான் திரும்ப வாங்க வேண்டும். கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு செய்யவில்லை என்றாலும் தப்பிக்க முடியாது. 1936ஆம் ஆண்டின் திவால் சட்டம், 21ஆம் பிரிவில், வழக்கப்படி கட்டிய மனைவியையும் மனைவியாகவே எண்ணுகிறது. சேர்ந்து வாழ்பவரையும் அப்படித்தான். ஆகவே உங்கள் பேரில் உள்ள கணக்கு பத்திரம் என்று நம்பி இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்று, யார் சொன்னாலும் கேட்காதீர்கள். ‘இருக்கிற காசைப் பிள்ளை பேருக்கு மாற்றிவிடு, யாரும் தொட முடியாது’ என்பார்கள். பாட்டி பிறந்தநாளுக்குக் கொடுத்துப் பிள்ளை பேரில் கிடக்கும் பணம் பிள்ளையுடையது. ஆனால் திவாலுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளுக்குள் நீங்கள் இலவசமாக மாற்றிய பணத்தை டிரஸ்டீ நீதிமன்றம் மூலம் திரும்பக் கேட்கலாம். பிள்ளையின் உண்மையான சேமிப்பும் அதோடு சேர்ந்து சந்தேகத்துக்குள் வந்துவிடும்.

மஷோனிசாவிடம், அதாவது உரிமம் இல்லாத வட்டிக்காரனிடம், கார்டைக் கொடுத்து வைத்திருந்தால் இன்றே கேட்டு வாங்குங்கள். கடனுக்கு ஈடாகக் கார்டையோ பின் நம்பரையோ வாங்கி வைப்பது தேசியக் கடன் சட்டப்படி குற்றம். கொடுக்க மறுத்தால் போலீசுக்குப் போங்கள், கூடவே 0800 60 10 11 என்ற சாசாவின் இலவச எண்ணில் சொல்லிப் புதுக் கார்டுக்கு என்ன செய்வது என்று கேளுங்கள். வட்டிக்காரன் முகத்துக்கு அஞ்சி ஒரு தாய் பிள்ளைகளின் சாப்பாட்டுக் காசை மாதாமாதம் விட்டுக்கொடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

திவால் ஆனதால் கிராண்ட் தகுதி போகாது. சாசா பார்ப்பது வருமானத்தைத்தான். தனியாக வளர்ப்பவர் என்றால் ஒரு பிள்ளைக்கான தொகையைப் போலப் பத்து மடங்கு, தம்பதி என்றால் இருபது மடங்கு வரை மாத வருமானம் இருக்கலாம். 2025இல் இருந்தது போல ஒரு பிள்ளைக்கு 560 ரேண்ட் என்றால் தம்பதிக்கு அது 11,200. நாளைக்குக் கணவருக்கு வேலை கிடைத்து வருமானம் ஏறினால் சாசாவுக்குச் சொல்லியாக வேண்டும்.

கடைசியாக, மனுவில் கையெழுத்துப் போடுமுன் வக்கீலிடம் ஒன்றைக் கேளுங்கள்: வீட்டை விற்று, பாண்டும் (வீட்டின் மேல் உள்ள வங்கிக் கடன்) செலவும் போக, மற்றக் கடன்காரர்களுக்கு ஏதாவது மிஞ்சுமா? அவர்களுக்கு லாபம் இல்லை என்றால் நீதிமன்றம் திவால் தராது. வக்கீல் கூலி மட்டும் போகும். அப்படியென்றால் கடன் ஆலோசகரிடம் போய், தவணைகளைக் கட்டக்கூடியபடி மாற்றியமைக்கும் டெப்ட் ரிவ்யூ கேட்பது மேல். மொத்தக் கடனே 50,000 ரேண்டுக்குள் என்றால் கடனைத் தவணையில் அடைக்க வழி செய்யும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் நிர்வாக உத்தரவு போதும். இதில் எந்த வழியில் போனாலும் முதலில் சாசா அலுவலகம், அப்புறம் வக்கீல். கணக்கை மாற்ற எழுதிக் கொடுத்தாலும் அது நடைமுறைக்கு வர நாள் பிடிக்கும், அதனால் அடுத்த நாலாம் தேதிக்குள் அந்த வேலையை முடித்துவிடப் பாருங்கள்.