ஆன் ஜட்சன் அம்மையார் பற்றிக் கேட்டீர்களே

கேள்வி: பர்மாவுக்கு (இன்றைய மியான்மர்) மிஷனரியாகப் போன ஜட்சன் ஐயர் தெரியும். அவர் மனைவி யார்?

பதில்: ஆன் ஹேசல்டைன், அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 1789-ல் பிறந்தவர். 1812 பிப்ரவரி 5-ல் கல்யாணம். இரண்டே வாரத்தில் கப்பல். கல்கத்தாவில் இறங்கினால் கிழக்கிந்தியக் கம்பெனி தங்கவிடவில்லை. மொரீஷியஸுக்குப் போனார்கள். முன்னதாகவே அங்கே போயிருந்த தோழி ஹேரியட் நியூவெல் 19 வயதில் இறந்துபோயிருந்தார்.

கேள்வி: மெட்ராஸுக்கும் வந்தாராமே?

பதில்: ஆமாம், 1813 ஜூனில். கம்பெனி பிடித்து இங்கிலாந்துக்கு அனுப்பிவிடும் என்ற பயத்தில், உடனே புறப்படவிருந்த கப்பலில் ஏறினார்கள். அது போன இடம் பர்மாவின் ரங்கூன். அந்தப் பயணத்தில் முதல் குழந்தை இறந்தே பிறந்தது. ரங்கூனில் பிறந்த ரோஜர் எட்டு மாதத்தில் காய்ச்சலில் போனான்.

கேள்வி: சிறை வாசலில் பட்ட பாட்டை விவரமாகச் சொல்லுங்கள், அண்ணா.

பதில்: 1824-ல் ஆங்கிலேய-பர்மியப் போர் வந்ததும் வெள்ளைக்காரர் எல்லாரும் ஒற்றர் என்று சந்தேகம். ஜூன் 8-ல் பர்மாவின் அன்றைய தலைநகரான ஆவாவில் ஜட்சனைப் பிடித்துச் சிறையில் போட்டார்கள். இரவில் கைதிகளின் கால்களை மூங்கிலில் கோர்த்து மேலே தூக்கிவிடுவார்கள். தோளும் தலையும் மட்டும் தரையில் கிடக்கும். ஆன் அப்போது கர்ப்பிணி. கவர்னர் வீட்டுக்கு நடையாய் நடந்தார், காவலருக்குக் கையூட்டுக் கொடுத்தார், சோறு கொண்டுபோனார். சொந்த ஊர்ப் பலகாரம் கணவருக்கு ஆசையாக இருக்குமே என்று எருமைக்கறியும் வாழைக்காயும் வைத்து ஒன்று செய்து அனுப்பினாராம். எனக்கு இதுதான் மனதில் நிற்கிறது.

ஜட்சனின் பர்மிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்புக் கையெழுத்துப் பிரதியை ஒரு முரட்டுத் தலையணைக்குள் வைத்துத் தைத்து, அதையும் சிறைக்குள் சேர்த்தார். யாரும் ஆசைப்பட்டு எடுக்காத அளவுக்கு அது கரடுமுரடு! கைதிகளை இடம் மாற்றியபோது அது எறியப்பட்டது. மாங் இங் என்ற சீடர் நினைவுப்பொருளாக எடுத்து வைத்ததால் தப்பியது.

1825 ஜனவரியில் மரியா பிறந்தாள். மே மாதம் கைதிகளை ஆங்பின்லே என்ற ஊருக்கு இழுத்துப்போனார்கள். கைக்குழந்தையோடு ஆனும் பின்னாலேயே போனார். அங்கே நோயில் விழுந்து தாய்ப்பால் வற்றியது. காவலருக்கு அன்பளிப்புக் கொடுத்து ஆன் அனுமதி வாங்க, விலங்கோடு ஜட்சன் வெளியே வந்து, குழந்தைக்குப் பால் கொடுக்கும்படி ஊர்ப் பெண்களிடம் கேட்டுத் திரிந்தார். கொடுத்த அந்தப் பர்மியத் தாய்மாரை நம் பிரசங்கங்களில் யாரும் நினைப்பதில்லை.

கேள்வி: பிறகாவது நிம்மதி கிடைத்ததா?

பதில்: இல்லை, சகோதரி. 1826 பிப்ரவரியில் யாண்டபோ ஒப்பந்தத்தோடு போர் முடிந்தது. அக்டோபர் 24-ல் பர்மாவின் ஆம்ஹர்ஸ்டில் ஆன் காய்ச்சலில் இறந்தார், வயது 36. கணவர் அப்போது ஆவாவில். ஆறு மாதத்தில் மரியாவும் போய்விட்டாள்.

கேள்வி: கணவருக்குத் துணையாக இருந்தார், அவ்வளவுதானே?

பதில்: இல்லவே இல்லை. சிறைக்கதையை மட்டுமே சொல்லிச் சொல்லி இப்படி ஆக்கிவிட்டோம். தானியேல், யோனா புத்தகங்களைப் பர்மிய மொழியில் பெயர்த்தவர் அவர். ரங்கூனில் இருந்த சயாமியருக்காக (தாய்லாந்துக்காரர்) அவர்கள் மொழியையும் கற்று மத்தேயு சுவிசேஷத்தை மொழிபெயர்த்தார். அவர் சயாமிய மொழியில் ஆக்கிய வினாவிடைப் புத்தகம் 1819-ல் வங்காளத்தின் சேரம்பூரில் அச்சானது. 1822-ல் உடல்நலம் கெட்டு அமெரிக்கா போனபோதும் பர்மா மிஷன் வரலாற்றை எழுதிப் புத்தகமாக்கிவிட்டுத்தான் திரும்பினார்.