ஒரு பொருளுக்கு 100 வெள்ளி: கப்பலில் போன மோட்டார்சைக்கிள்

கேள்வி: குடும்பத்தோடு பெர்த்துக்குக் குடிபெயர்கிறோம். மனைவியும் பிள்ளைகளும் முன்னதாகப் போய்விட்டார்கள். வேலை முடியும்வரை நான் சிங்கப்பூரில், ஈசூனில் இருக்கிறேன். வீட்டுச் சாமான்களோடு என் மோட்டார்சைக்கிளையும் மரப்பெட்டியில் அடைத்து, இங்குள்ள ஒரு மூவர்ஸ் நிறுவனம் (வீட்டுச் சாமான்களை இடம்மாற்றித் தருபவர்கள்) கப்பலில் அனுப்பியது. பெட்டி வந்தபோது மனைவி அதைப் பிரிக்காமலே 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் முன் ஃபோர்க் வளைந்து, டேங்க் நசுங்கிக் கிடக்கிறது. பழுதுபார்க்க ஏறக்குறைய 4,000 வெள்ளி ஆகும். ஒப்பந்தப்படி ஒரு பொருளுக்கு இழப்பீடு 100 வெள்ளிதான் என்கிறார்கள். எட்டு மாதமாக இழுத்தடிக்கிறார்கள். வழக்குப் போடலாமா?

பதில்: போடலாம், ஆனால் சீக்கிரம் போடுங்கள். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 2 ஆண்டு அவகாசம் உண்டு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். அது சரிதான். ஆனால் கடல்வழிச் சரக்குக்கான ஹேக்-விஸ்பி விதிகள் என்ற அனைத்துலக விதிகள் 1972ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்வழி இங்கே சட்டமாக இருக்கின்றன. அவற்றின்படி, சரக்கு கைக்கு வந்த நாளிலிருந்து 1 ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். மூவர்ஸ் ஒப்பந்தங்களில் பொடி எழுத்தில் அந்த விதிகளைத் தங்களுக்கும் சேர்த்து எழுதிக்கொள்வது உண்டு. உங்களுக்கு மிச்சம் நான்கு மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மின்னஞ்சலில் இனிக்க இனிக்கப் பேசுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

அப்புறம் அந்த 100 வெள்ளி. பிரிட்டனின் 1977ஆம் ஆண்டு நியாயமற்ற ஒப்பந்த விதிமுறைகள் சட்டம் சிங்கப்பூரிலும் செல்லும். அச்சடித்து வைத்த ஒப்பந்தத்தைக் காட்டிப் பயனீட்டாளரிடம் ஒரு நிறுவனம் தன் கவனக்குறைவுக்கான பொறுப்பைச் சுருக்கிக்கொள்ளப் பார்த்தால், அந்த வரம்பு நியாயமானதுதான் என்று நிறுவனமே நிரூபிக்க வேண்டும். நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. அதே நேரம், காப்புறுதி எடுக்க உங்களுக்கு வாய்ப்பு இருந்ததா என்பதையும் சட்டம் பார்க்கச் சொல்கிறது. "காப்புறுதி வேண்டுமா என்று கேட்டோம், அவர்தான் வேண்டாம் என்றார்" என்று அவர்கள் ஒரு தாளை நீட்டினால் உங்கள் வாதம் தளர்ந்துபோகும். விலைப்புள்ளியில் காப்புறுதி பற்றி என்ன இருந்தது, நீங்கள் எதில் டிக் போட்டீர்கள் என்பதை இன்றே எடுத்துப் பாருங்கள். காப்புறுதி எடுத்திருந்தால் அதன் சான்றிதழில் மோட்டார்சைக்கிள் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா, முழு இழப்புக்கு மட்டும்தானா என்று பாருங்கள். பழைய வண்டிகளுக்கு அப்படித்தான் பல நேரம் தருவார்கள்.

மனைவி போட்ட கையெழுத்து வழக்கை மூடிவிடாது. ஆனால் வெளியே தெரியாத சேதத்தை 3 நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்காவிட்டால், சரக்கு நல்லபடியாக வந்தது என்றே ஹேக்-விஸ்பி விதிகள் முதலில் எடுத்துக்கொள்ளும்; அதை உடைக்க வேண்டியது நீங்கள். பெட்டியைத் திறந்தபோது எடுத்த படங்கள், உள்ளே பெல்ட் தளர்ந்து கிடந்த விதம், பலகையில் ஹேண்டில்பார் உரசிய தடம், வளைவு அழுத்தத்தால் வந்ததென்று பட்டறைக்காரர் எழுதிய கடிதம் எல்லாம் அதற்கு உதவும். பெட்டியைத் தயவுசெய்து விறகாக்கிவிடாதீர்கள்.

சாமான் பட்டியலில் வண்டிக்கு நேரே என்ன எழுதியிருக்கிறது? 'எம்.சி.யூ.' என்று மூன்றெழுத்து இருக்கலாம்; இயந்திரத்தின் நிலை தெரியாது என்று அர்த்தம். எஞ்சின் பழுதுக்கு அது அவர்களுக்குக் கைகொடுக்கும், நசுங்கிய டேங்குக்குக் கொடுக்காது. பதிவு நீக்கத்துக்குப் பிறகு வண்டி ஏற்றுமதியானதற்கு ஆதாரமாக நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் கொடுத்த ஆவணங்களின் நகலையும் தேடுங்கள். அதில் பில் ஆஃப் லேடிங் (சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் நிறுவனம் தரும் சீட்டு) இருந்தால் அதன் பின்பக்க நிபந்தனைகளையும் படியுங்கள்.

நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளிவரை கோரலாம். 5,000 வெள்ளிக்குள் இருக்கும் கோரிக்கைக்குப் பயனீட்டாளர் கட்டுவது 10 வெள்ளி. விண்ணப்பம் இணையம்வழி. வழக்கறிஞர் உங்களுக்காக அங்கே வாதாட முடியாது. எனக்கு வருமானமில்லை, உங்களுக்குச் செலவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர் நீங்கள் என்றால் உங்கள் பெயரிலேயே, சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும் முன்பே தாக்கல் செய்யுங்கள்.

இதற்கிடையே அவர்கள் 100 வெள்ளிக்குக் காசோலை அனுப்பக்கூடும். கூடவே வரும் கடிதத்தில் 'முழுமையான, இறுதித் தீர்வாக' என்ற சொற்கள் இருந்தால் காசோலையை வங்கியில் போடாமல் திருப்பி அனுப்புங்கள்.