நகையை வைத்துச் சான்றிதழ் வாங்கலாமா?

கேள்வி: பெங்களூரு மாரத்தஹள்ளியில் இருக்கிறேன். சொந்த ஊர் கிருஷ்ணகிரி. ஒரு மென்பொருள் கம்பெனியில் நான்கு வருடமாக கஸ்டமர் சப்போர்ட் வேலை. நைட் ஷிஃப்ட் உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. டெக்னிக்கல் ரைட்டராக (கையேடும் உதவிப் பக்கங்களும் எழுதுபவராக) மாறலாம் என்று பார்த்தால், விளம்பரங்களில் எல்லாம் மேட்கேப் ஃப்ளேர், ஃப்ரேம்மேக்கர் என்ற கையேடு எழுதும் மென்பொருள்கள், டிட்டா என்ற ஆவணத் தரம் என்று கேட்கிறார்கள். ஒரு பயிற்சி நிலையம் 60,000 ரூபாய் கட்டினால் ஃப்ளேர் சொல்லிக்கொடுத்து சான்றிதழும் தருவதாகச் சொல்கிறது. பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியத்தில் படித்தவள் நான். சான்றிதழாவது கையில் இருந்தால் தைரியமாக இருக்கும் என்று தோன்றுகிறது. நகையை வைத்துப் பணம் கட்டலாமா? (எஸ்., பெங்களூரு)

பதில்: நகையை வைக்க வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேலை மாறும் எண்ணம் நல்ல எண்ணம். சான்றிதழும் வாங்கலாம், ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில இருக்கின்றன.

அந்தப் பயிற்சி நிலையத்தில் ஒன்றை மட்டும் கேளுங்கள்: சான்றிதழில் யார் பெயர் இருக்கும்? ஃப்ளேரைத் தயாரிக்கும் மேட்கேப் நிறுவனமே ஒரு தேர்வு வைத்து, 'மேட்கேப் அட்வான்ஸ்டு டெவலப்பர்' என்ற தகுதியைத் தருகிறது. சுருக்கமாக 'மேட்' என்பார்கள். பயிற்சி நிலையம் தன் பெயரில் அச்சடித்துத் தருவது, நீங்கள் வகுப்புக்கு ஒழுங்காக வந்தீர்கள் என்பதற்கான தாள். வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். முதல் வகைக்கு மரியாதை உண்டு. இரண்டாவதை யாரும் இரண்டு முறை பார்ப்பதில்லை.

முதல் வகையையும் முழுதாக நம்பி இருக்க முடியாது. அமெரிக்காவில் 1953-ல் தொடங்கிய டெக்னிக்கல் கம்யூனிகேஷன் சங்கம் எஸ்.டி.சி. அது 'சி.பி.டி.சி.' என்ற பெயரில் இந்த வேலைக்கான சான்றிதழ் கொடுத்துவந்தது. அந்தச் சங்கமே பணமுடையால் 2025 ஜனவரியில் கலைந்துவிட்டது. சான்றிதழ் வைத்திருந்தவர்களுக்கு வேலை தெரியும் என்பதால் அவர்கள் பிழைப்பு நின்றுவிடவில்லை. கருவிகளும் அப்படித்தான். ஒரு காலத்தில் ரோபோஹெல்ப் என்ற கையேடு எழுதும் மென்பொருள் தெரிந்தால் போதும் என்றார்கள். அதைத் தயாரித்தவர்களில் சிலர் பிரிந்துவந்து 2005-ல் தொடங்கியதுதான் மேட்கேப். டிட்டா தரத்தை, தரங்களை வகுக்கும் ஓயாசிஸ் அமைப்பு ஏற்றுக்கொண்டதும் அதே வருடம்தான். ஒரு விஷயத்தை ஒரே இடத்தில் எழுதி, வேண்டிய இடத்திலெல்லாம் அதையே பயன்படுத்துவது என்பதுதான் இவை எல்லாவற்றிலும் உள்ள அடிப்படை. அது பிடிபட்டுவிட்டால் எந்தக் கருவிக்கும் மாறிக்கொள்ளலாம்.

எப்படிப் பிடிபடும்? நீங்களே ஒன்று செய்து பாருங்கள். உங்கள் அபார்ட்மென்ட் தண்ணீர் விவகாரத்தையே எடுத்துக்கொள்ளலாம். காவிரித் தண்ணீர் வரும் நாள் என்ன செய்வது, போர்வெல் மோட்டாரை எப்போது போடுவது, டேங்கருக்கு யாரிடம் சொல்வது என்று ஒரு சின்ன வழிகாட்டி. இதைப் படிக்கப்போவது இரண்டு பேர்: குடியிருப்பவர், வாட்ச்மேன். மோட்டார் அறைக்குள் செய்ய வேண்டியதெல்லாம் வாட்ச்மேனுக்கு மட்டும்தான். ஃப்ளேரில் அந்தப் பத்திகளுக்கு 'கண்டிஷன் டேக்' (இது யாருக்கு என்ற அடையாளம்) போட்டுவிட்டால், ஒரே கோப்பிலிருந்து குடியிருப்பவருக்கு ஒரு பிடிஎஃப், வாட்ச்மேனுக்கு வேறொரு பிடிஎஃப் வரும். 'மோட்டாரைத் தொடும் முன் மெயின் சுவிட்சை அணைக்கவும்' என்ற எச்சரிக்கை நாலு இடத்தில் வருமா? அதை ஒரு 'ஸ்னிப்பெட்' (பல இடங்களில் செருகக்கூடிய துணுக்கு) ஆக்குங்கள். ஒரு இடத்தில் திருத்தினால் நாலிலும் திருந்திவிடும். பிளம்பர் போன் நம்பரை 'வேரியபிள்' ஆக்குங்கள். ஆள் மாறினால் நம்பரை ஒருமுறை மாற்றினால் போதும். இந்த மூன்றையும் உங்கள் கையால் செய்துவிட்டால், நேர்முகத் தேர்வில் 'ஏன் இதை ஸ்னிப்பெட் ஆக்கினீர்கள்?' என்று கேட்கும்போது பதில் தானாக வரும். அந்த வழிகாட்டியை ஆங்கிலத்தில் எழுதுங்கள், அதையே மாதிரி வேலையாகக் காட்டுங்கள். ஆபீஸ் ஆவணங்களை மட்டும் வெளியே எடுத்துக் காட்டிவிடாதீர்கள். ரகசியம் காக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள்.

தமிழ் மீடியம் என்று நீங்கள் தயங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்த வேலைக்கு அலங்கார ஆங்கிலம் வேண்டாம், இருந்தால்தான் தொல்லை. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக உருவான 'சிம்ப்ளிஃபைடு டெக்னிக்கல் இங்கிலீஷ்' என்று ஒரு தரம் இருக்கிறது. செய்முறை வாக்கியத்துக்கு 20 சொல், விளக்க வாக்கியத்துக்கு 25 சொல், அதற்கு மேல் போகக்கூடாது என்பது அதன் விதி. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத மெக்கானிக்குக்கும் குழப்பமில்லாமல் புரிய வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். இலக்கணம் பிசகாமல், ஒரு வாக்கியத்தில் ஒரு வேலையைச் சொல்லப் பழகுங்கள். கூகுள் நடத்தும் டெக்னிக்கல் ரைட்டிங் வகுப்புகளை இலவசமாகவே படிக்கலாம். அங்கிருந்து தொடங்குங்கள்.

அப்புறம், உங்களிடம் இருக்கும் பெரிய மூலதனத்தை நீங்கள் கடிதத்தில் கணக்கிலேயே சேர்க்கவில்லை. நான்கு வருடம் டிக்கெட் (வாடிக்கையாளர் புகார்கள்) பார்த்திருக்கிறீர்கள். வாடிக்கையாளர் எந்தத் திரையில் தடுக்கி விழுகிறார், எந்தச் சொல்லைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார் என்பது கல்லூரியிலிருந்து நேராக வரும் ஆளுக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். திரும்பத் திரும்ப வரும் கேள்வி ஒன்றை எடுத்து, சரியான படிகளோடு ஒரு உதவிக் கட்டுரையாக எழுதி, உங்கள் கம்பெனியின் டாக்குமென்டேஷன் டீமிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். அப்படி ஒரு டீம் இல்லையென்றால் மேனேஜரிடம் கொடுங்கள். வெளியே தேடுவதைவிட உள்ளுக்குள் மாறுவது பல நேரம் சுலபம். சம்பளமும் நடுவில் நிற்காது.

ஃப்ளேருக்கு இலவச ட்ரையல் உண்டு. ஆனால் அது நாள் கணக்கில்தான் ஓடும். ஆகவே ஆர்வத்தில் இன்றைக்கே இறக்கிவிடாதீர்கள். தண்ணீர் வழிகாட்டியை முதலில் வேர்டில் எழுதி முடித்து, எந்தப் பத்தி யாருக்கு என்று குறித்து வைத்துக்கொண்ட பிறகு இறக்குங்கள். டெஸ்க்டாப் ஃப்ளேருக்கு விண்டோஸ் லேப்டாப் வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும்.

வழிகாட்டி முடிந்து, அதைப் பற்றி யார் கேட்டாலும் தடுமாறாமல் பேச வருகிறது என்றால், அப்போது மேட் தேர்வுக்குப் பதிவு செய்யுங்கள். கட்டணமும் விதிகளும் மாறிக்கொண்டிருப்பவை, மேட்கேப் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். பணம் கட்டுவதற்கு முன், படிப்புச் செலவைக் கம்பெனி திருப்பித் தரும் வசதி இருக்கிறதா என்று ஹெச்.ஆரிடம் கேட்டுவிடுங்கள். பல கம்பெனிகளில் அது இருக்கும், ஆனால் கேட்டால்தான் சொல்வார்கள்.